கலோரி கரண்டியில் இருக்கிறது

அரிசி அதே அரிசி, கிழங்கு அதே கிழங்கு. அடுப்பில் ஏறி இறங்குவதற்குள் அதன் கலோரிக் கணக்கு மட்டும் மாறிவிடுகிறது. அவித்தால் குறையுமா? வறுத்தால் எவ்வளவு கூடும்? ஆறிய சோறு இளைக்க வைக்குமா? அடுப்படிக்குள் போய் ஒரு கணக்கு பார்ப்போம்.

மாலை நாலரை மணி. தெருமுனை டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஜல்லிக்கரண்டியில் ஏறித் தட்டில் விழுகிறது. அரட்டைக்கு நடுவே அது ஆறிப்போகிறது. பிறகு ஒருவர் அதை எடுத்துத் தாளில் வைத்து மடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்துகிறார். தாளில் லேசாக எண்ணெய்க் கறை படிகிறது. இன்னொரு தாள், இன்னொரு அழுத்தல். பிறகு நிம்மதியாகக் கடிக்கிறார். பக்கத்தில் நிற்பவர் மாஸ்டரிடம், "எனக்குச் சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்கிறார். அவர் கையில் இரண்டு மெதுவடை.

இருவரும் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். முதலாமவர் சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்கிறார். இரண்டாமவர் சின்னச் செலவைப் பிடித்துக்கொண்டு பெரிய செலவைக் கோட்டைவிடுகிறார். நம்மில் பெரும்பாலோர் இந்த இருவரில் ஒருவர். சில நாள் இருவருமே.

பெட்டிக்குள் ஒரு மனிதர்

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் சூட்டைத்தான் நாம் பேச்சுவாக்கில் கலோரி என்கிறோம். கணக்காகச் சொன்னால் அது கிலோ கலோரி. விறகுக்கும் கரிக்கும் பொருந்தும் அளவு அது. சாப்பாட்டுக்கு அதைப் பொருத்தியதில் பெரும் பங்கு வில்பர் ஆலின் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியருக்கு உண்டு.

1890-களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவோடு சேர்ந்து அவர் ஆள் தங்கும் அளவுக்கு ஒரு கலோரிமானியைக் கட்டினார். அந்தப் பெட்டிக்குள் ஒருவர் நாள்கணக்கில் தங்கிச் சாப்பிட்டார், தூங்கினார், உடற்பயிற்சி செய்தார். உள்ளே போன உணவு, வெளியே வந்த கழிவு, உடல் விட்ட வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டன. உணவை எரித்தால் வரும் மொத்த வெப்பத்திலிருந்து கழிவோடு போவதைக் கழித்து அட்வாட்டர் கண்ட எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9.

பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் நாம் படிப்பது பெரும்பாலும் இந்த எண்களை வைத்துப் போட்ட பெருக்கலும் கூட்டலும்தான். அந்தக் கணக்குக்கு எடை தெரியும், சத்தின் அளவு தெரியும். பச்சையாகத் தின்றோமா, வேகவைத்தோமா, அரைத்தோமா என்பது தெரியாது.

இந்தியாவின் கணக்குக்கு நம் நீலகிரியில் ஒரு தொடக்கம் உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வகம் வளர்ந்து 1958-ல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அதன் இயக்குநராக இருந்தவர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அவரும் சகாக்களும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பல தலைமுறை மருத்துவர்களுக்குக் கைப்புத்தகமாக இருந்தது. 2017-ல் 528 உணவுகளோடு புதிய அட்டவணை வந்தது. அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். நாம் சாப்பிடுவதோ சமைத்ததை. இடையில் இருக்கிறது அடுப்பு.

அடுப்பு இந்தக் கணக்கை மூன்று வழிகளில் மாற்றுகிறது: தண்ணீரால், எண்ணெயால், செரிமானத்தால். முதலாவது வெறும் கண்கட்டு. இரண்டாவது நிஜம். மூன்றாவது நுட்பம்.

தண்ணீர் காட்டும் கண்கட்டு

நூறு கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. நூறு கிராம் வெந்த சோற்றில் சுமார் 130. பார்த்தவுடன், வேகவைத்ததில் பாதிக்கு மேல் காணாமல் போனதுபோல் இருக்கும். ஒன்றும் போகவில்லை. அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டு தன் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கானது. அதே கலோரி பெரிய குவியலாகப் பரவிக்கிடக்கிறது.

உடல் எடையைக் குறைக்கத் தராசு வாங்கியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் அட்டவணையைப் பார்த்தால், சாப்பிட்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கைக் கணக்கில் எழுதிப் பட்டினி கிடக்க நேரும். அரிசியை நிறுத்துவிட்டுச் சோற்றின் எண்ணைப் போட்டாலோ தட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் நோட்டில் ஏறும்.

இறைச்சியில் இதே வித்தை தலைகீழாக நடக்கும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையில் நூறு கிராமுக்கு 120 கலோரி அளவில் இருக்கும். எண்ணெய் விடாமல் சுட்டெடுத்தாலும் நூறு கிராமுக்கு 165 ஆகிவிடும். தண்ணீர் வற்றித் துண்டு சுருங்கியதால் வந்த ஏற்றம் இது. துண்டு ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் எதுவும் கூடவில்லை.

கஞ்சியை வடித்தால் கலோரி குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், உண்மைதான். கூடவே தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களும் போகும். மெக்காரிசன் குன்னூரில் ஆராய வந்த பெரிபெரிக்குக் காரணமே அவற்றில் ஒன்றான தயாமின் குறைவுதான். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி சாப்பிட்ட ஊர்களில் பெரிபெரி குறைவாக இருந்ததன் ரகசியம் அது. கஞ்சியை வடிப்பதும் பொங்கிவைப்பதும் வீட்டு ருசியைப் பொறுத்தது. இளைப்பதற்கான வழியாக அதை எண்ண வேண்டாம்.

எண்ணெய் எப்போது குடிக்கிறது?

இரண்டாவது வழிக்கு வருவோம். இங்கே கண்கட்டு கிடையாது. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு தேக்கரண்டி 40-க்குச் சற்று மேல். ஒரு மேசைக்கரண்டி 120. செக்கில் ஆட்டியதோ, சுத்திகரித்ததோ, ஆலிவோ, நல்லெண்ணெயோ, இந்த ஒரு கணக்கில் எல்லாம் ஒரே சாதி. நெய்யும் ஏறத்தாழ அதேதான்.

உருளைக்கிழங்கைப் பாருங்கள். அவித்தால் நூறு கிராமுக்கு 87 கலோரி. விரல்விரலாக நறுக்கிப் பொரித்தால் 310 அளவில். மெல்லிய சிப்ஸ் ஆக்கினால் 530-ஐத் தாண்டும். இந்த ஏற்றத்தில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. கிழங்கின் எடையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகிவிடுவதால் நூறு கிராம் சிப்ஸுக்கு முந்நூறு கிராமுக்கு மேல் கிழங்கு தேவைப்படுகிறது. தண்ணீர் காலி செய்த இடத்தில் எண்ணெய் குடியேறுகிறது. சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதன் கலோரியில் பாதிக்கு மேல் அந்த எண்ணெயிலிருந்து வருவது.

பொரிக்கும் சட்டியில் குமிழி குமிழியாக எழுவதை எண்ணெய் கொதிப்பதாக நினைக்கிறோம். பஜ்ஜிக்குள் இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகி வெளியே பாய்கிறது. உள்ளிருந்து ஆவி தள்ளிக்கொண்டு வரும்வரை எண்ணெயால் அதிகம் உள்ளே நுழைய முடியாது. பஜ்ஜியைச் சட்டியிலிருந்து தூக்கிய பிறகுதான் விஷயம் திரும்புகிறது. சூடு இறங்கும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. துளைகளுக்குள் அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. வறுவல்களை ஆராய்ந்த உணவுப் பொறியியலாளர்கள் சொல்வது இதுதான்: எண்ணெயில் பெரும் பங்கு உள்ளே போவது சட்டியை விட்டு வெளியே வந்தபின்.

கைதேர்ந்த மாஸ்டர் ஜல்லிக்கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, எண்ணெய்க்கு மேலேயே சற்று நேரம் பிடித்திருப்பதன் பொருள் இப்போது புரியும். டீக்கடை நண்பரின் தாளும் அந்தச் சில நொடிகளுக்குள் வந்திருந்தால் நிறைய வேலை செய்திருக்கும். ஆறிய பஜ்ஜியை எவ்வளவு அழுத்தினாலும் தாளில் மிச்சம் மீதிதான் வரும்; குடித்ததை அது திருப்பித் தராது.

எது அதிகம் குடிக்கும் என்பது நம் அடுக்களைகளுக்குத் தெரியாததல்ல. மாவில் ஆப்பசோடா கூடினால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும். துளைகள் அதிகமாவதே காரணம். அரிசி மாவு கலந்தால் மொறுமொறுப்பாக வரும். அரிசி மாவுப் பூச்சு கோதுமை மாவுப் பூச்சைவிடக் குறைவாகவே எண்ணெயை ஏற்கும் என்று ஆய்வகங்களும் கண்டிருக்கின்றன. கத்திரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு. நேராக எண்ணெயில் போட்டால் ஊற்ற ஊற்றக் காணாமல் போகும். முதலில் ஆவியில் வாட்டி அந்த அறைகள் அமுங்கியபின் வதக்கினால் பாதி எண்ணெயில் வேலை முடியும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் தடித்துப்போய்ப் பண்டத்தின் மேல் அதிகம் ஒட்டும். மெல்லிசாக நறுக்க நறுக்க மேற்பரப்பு கூடும், எண்ணெயும் கூடும்.

அப்பளத்தைத் தணலில் சுட்டால் மாவின் கலோரி மட்டும். பொரித்தால் மாவோடு எண்ணெயும். ருசியில் எது உசத்தி என்ற சண்டை தனி.

பொடிக்குள் ஒளிந்த இரண்டு இட்லி

பொரித்த பண்டம் கண்ணுக்குத் தெரியும் எதிரி. அதை நாம் தினமும் சாப்பிடுவதில்லை. தினமும் மூன்று வேளை, யாரும் எண்ணாமல் உள்ளே போவது வேறொரு எண்ணெய்.

இட்லியும் தோசையும் ஒரே மாவு. இட்லி ஆவியில் வேகிறது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நடுத்தர இட்லி ஒன்று 50, 60 கலோரி. மருத்துவர் இட்லியைச் சிபாரிசு செய்வதில் தவறில்லை. ஆனால் தட்டில் அது தனியாக வருவதில்லை. மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவே குழி பறித்து, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி என்றாலே 120 கலோரி. தட்டில் இரண்டு இட்லி இருக்கிறது. பொடிக்குள் இன்னும் இரண்டு இட்லி ஒளிந்திருக்கிறது. தேங்காய்ச் சட்னி வைத்தால் அது தனிக் கணக்கு. நூறு கிராம் தேங்காய்த் துருவலில் சோற்றைப்போல் மூன்று மடங்கு கலோரி உண்டு.

தோசைக்கு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பார்களே, அது மிகச் சிக்கனமான அளவுகோல். கல் பழகியிருந்தால் அந்தத் தடவலே போதும். அந்த வெங்காயம் இருந்த இடத்தில் எண்ணெய் பாட்டில் வந்து உட்கார்ந்ததும் தோசை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி சுற்றி ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. நான்கு தோசைக்கு 160 கலோரிக்கு மேல், தடம் தெரியாமல்.

பூரிக்கும் சப்பாத்திக்கும் இதே கதைதான். 25 கிராம் கோதுமை மாவு இரண்டிலும் 80 கலோரிதான் தரும். பூரி 4 கிராம் எண்ணெய் குடித்தால் இன்னொரு 36 சேரும். சப்பாத்தியைச் சுட்டெடுத்து இரண்டு பக்கமும் நெய் தடவினால் அந்த 36 இங்கேயும் சேர்ந்துவிடும். 'சப்பாத்திக்கு மாறிவிட்டேன்' என்பவர் மாறியது மாவிலா, எண்ணெயிலா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணெயே ஆகாது என்று யாரும் படிக்க வேண்டாம். கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வளரும் பிள்ளைக்கும் வெயிலில் மூட்டை தூக்குகிறவருக்கும் கலோரி தேவை. இங்கே பேச்சு, தெரியாமல் ஊற்றுவதைப் பற்றி.

வெந்தால் கூடும்

மூன்றாவது வழி நுட்பமானது. சாப்பிட்டதெல்லாம் உடலில் சேர்வதில்லை. எவ்வளவு சேரும் என்பதையும் அடுப்பே தீர்மானிக்கிறது. அடுப்பு பெரும்பாலும் கூட்டத்தான் செய்கிறது.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து, நல்லெண்ணெயோடு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பயில்வான்களும் பச்சை முட்டையைக் குடிப்பார்கள். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வெந்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். சூடு பட்டதும் புரதத்தின் இறுகிய முடிச்சுகள் அவிழ்ந்து, செரிமான நொதிகளுக்கு வழி கிடைக்கிறது. முட்டை ஒன்றுதான், எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதான். உடலுக்கு வந்து சேர்வதில் அவ்வளவு வித்தியாசம். சால்மொனெல்லா கிருமி அபாயத்தையும் சேர்த்துப் பார்த்தால் முட்டையை அவித்துக் கொடுப்பதே அக்கறை.

ஹார்வர்ட் மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்ஹம், நெருப்பில் சமைக்கத் தொடங்கியதுதான் நம்மை மனிதராக்கியது என்று 2009-ல் ஒரு புத்தகத்தில் வாதிட்டார். குறைந்த உணவில் அதிக ஆற்றல், சிறிய குடல், பெரிய மூளை என்பது அவர் வாதத்தின் ஓட்டம். அவரோடு பணியாற்றிய ரேச்சல் கார்மொடி 2011-ல் எலிகளுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் மாட்டிறைச்சியையும் பச்சையாகவும் சமைத்தும், முழுதாகவும் இடித்தும் கொடுத்துப் பார்த்தார். இடித்ததைவிட வேகவைத்ததே எலிகளின் எடைக்கு அதிகம் உதவியது.

அரைப்பதற்கும் பங்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-ல் பாதாம் பருப்பை எடுத்துக்கொண்டார்கள். 28 கிராம் முழுப் பாதாமில் 170 கலோரி அளவில் இருப்பதாக அட்வாட்டர் கணக்கு சொன்னது; சாப்பிட்டவர்களின் உடல் எடுத்துக்கொண்டது 129 மட்டும். மென்றும் உடையாத செல் சுவர்களுக்குள் எண்ணெய் மாட்டிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடுகிறது. 2016-ல் அதே குழு பாதாமை விழுதாக அரைத்துக் கொடுத்தபோது தள்ளுபடி எதுவும் இல்லை. கணக்கும் உடலும் ஒத்துப்போயின. வறுத்ததும் நறுக்கியதும் இரண்டுக்கும் நடுவே நின்றன. பருப்பை மென்று தின்பதும் விழுதாக வழித்துத் தின்பதும் உடலுக்கு ஒன்றல்ல.

ஆறிய சோற்றின் கதை

கூட்டுவது போதும், அடுப்பு எதையாவது குறைக்குமா என்ற கேள்விக்கு ஒரு பதில் இலங்கையிலிருந்து வந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் டென்வர் மாநாட்டில், கொழும்பு வேதியியல் கல்லூரியின் மாணவர் சுதேர் ஜேம்ஸும் அவருடைய வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் ஒரு முறையை அறிவித்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் அரிசியின் எடையில் 3 சதவீதம் தேங்காய் எண்ணெயை விட்டு, அரிசியைப் போட்டு வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மாவுச்சத்தின் ஒரு பகுதி நொதிகளுக்கு மசியாத வடிவத்துக்கு மாறும். பொருத்தமான அரிசி வகை அமைந்தால் கலோரியை 50 முதல் 60 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

வேதியியல் உண்மையானது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதன் இழைகள் மறுபடி நெருங்கி இறுகும். பழைய சோறு விறைத்திருப்பது அதனால்தான். செரிக்காத இந்த மாவுச்சத்து கிராமுக்கு 4 தருவதற்குப் பதில் சுமார் 2 கலோரியே தருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். அதே 2015-ல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் அளந்தார்கள்: சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் நூறு கிராமுக்குச் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம்; ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம். வித்தியாசம் ஒரு கிராம். கணக்குப் போட்டால் 130 கலோரியில் இரண்டு மிச்சம். அதற்காக ஊற்றும் தேங்காய் எண்ணெய் தேக்கரண்டிக்கு 40 கலோரியைக் கூட்டிவிடும். ஓர் ஆய்வகத்தில் ஓர் அரிசிக்குக் கிடைக்கக்கூடியதை எல்லா வீட்டுப் பானைக்கும் பொதுவாக்க முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

அந்த இந்தோனேசிய ஆய்வில் வேறொன்று நடந்தது. குளிரவைத்துச் சூடாக்கிய சோற்றைச் சாப்பிட்ட 15 பேருக்கு ரத்தச் சர்க்கரை ஏற்றம் குறைந்தது. ஆகவே ஆறிய சோற்றின் நன்மை இருந்தால் அது சர்க்கரை ஏற்றத்தில். இடுப்புச் சுற்றளவுக்கு அதனிடம் பெரிய வாக்குறுதி இல்லை. பழைய சோறு வயிற்றுக்கு இதமாக இருந்து கலோரியும் குறைவாகத் தருகிறதென்றால், கிண்ணத்தில் பாதி நீராகாரமாக இருப்பதே அதற்கு முக்கியக் காரணம். வடித்த சோற்றை மேசையில் மணிக்கணக்கில் கிடத்திவிட்டுப் பிறகு குளிர்பெட்டியில் வைப்பது ஆபத்து. சூட்டுக்குச் சாகாத பாசில்லஸ் கிருமி வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைக்கும்.

அடுப்படிக் குறிப்புகள்

• நிறுப்பதாக இருந்தால் சமைக்கும் முன் நிறுத்துப் பச்சைப் பொருளின் எண்ணைப் பாருங்கள். சமைத்தபின் நிறுத்தால் சமைத்த எண்ணைப் பாருங்கள். கலக்காதீர்கள்.

• பொரித்ததைச் சட்டிக்கு மேலேயே வடியவிடுங்கள். எடுத்த உடனே சுத்தமான தாளில் போடுங்கள். அச்சிட்ட செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

• கத்திரிக்காய், உருளை, வாழைக்காய் வறுவலுக்கு முன் பாதி ஆவியில் வேகவையுங்கள்.

• எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். நடுவே ஒரு கரண்டி இருக்கட்டும்.

• பொடிக்கு எண்ணெயைத் தேக்கரண்டியால் விடுங்கள். பாதி எண்ணெய், பாதி வெந்நீரில் குழைத்தாலும் பொடி குழையும்.

ஒன்றாம் தேதிக் கணக்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். வெளியே தின்ற பஜ்ஜிக்கும் பரோட்டாவுக்கும் இதிலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஒன்றாம் தேதி எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் காலிப் பாக்கெட்டுகளை எண்ணுங்கள். மூன்றரைக்குப் பதில் ஐந்து வந்தால், கூடுதல் ஒன்றரை லிட்டர் என்பது ஆளுக்கு நாள்தோறும் நூறு கலோரி. அந்த நூறைக் குறைக்க யாரும் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை, இட்லியை எண்ணவும் வேண்டியதில்லை. அலமாரியின் மேல்தட்டில் தூங்கும் தேக்கரண்டியைத் தேடி எடுத்து, எண்ணெய்க் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.